ஒரே கட்டிக்கு இரண்டு ரிப்போர்ட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு மார்புக் கட்டியை வெட்டி எடுத்து மூன்று கிழமை ஆகியிருந்தது. கெலிஓயாவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, காலை முழுக்க கிளினிக் வரிசையில் காத்திருந்து, உடம்பு சக்கையாகிப் போயிருந்தது. டாக்டர் புது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கீமோ ஊசி போட வேண்டும் என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தபோது, மெதுவாக வளரும் கட்டி என்றுதானே எழுதியிருந்தார்கள்? அதை நம்பித்தான் நான் தூங்கினேன். இப்போது வேகமாக வளர்கிறதாம்! வேறு யாருடைய சதையோடோ மாறிப்போய்விட்டது, கீமோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நேரே பரிசோதனைக்கூடத்துக்குப் போய், ரிப்போர்ட் எழுதிய டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருகிட்ட கதை விடுறீங்க? இருவது வருஷமா தேயிலை ஃபெக்டரில கொழுந்து வாங்குறவ நான். மூட்டையில மேல நல்ல கொழுந்தா இருக்கும், அடியில எல்லாம் முத்தலா இருக்கும். அடி வரைக்கும் கைய விட்டுப் பார்ப்பேன். மேலாப்புல ஒரு பிடிய பார்த்து ஏமாற நான் ஆளில்ல!"

அவர் என்னைவிட இளையவர், முஸ்லிம் பெண். கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மொதல்ல சதை எடுத்த ஊசி எத்தன பிடி எடுத்திச்சு?"

பதிலையும் அவரே சொன்னார்:

"ஒரு பிடிதான். இப்ப முழுக்கட்டியும் வந்திச்சு, பல இடத்துல வெட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் மெதுவாத்தான் வளருது. மத்தப் பக்கம் வேகம். ரெண்டு ரிப்போர்ட்டும் ஒங்கடதான்."

அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அவர் தன் வேலையை விட்டுவிட்டு கிளினிக் வரை கூடவே வந்து, முதல் ஊசிக்குத் திகதி எடுத்துக் கொடுத்தார்.

ஊசிகள் முடிந்து முடி திரும்ப முளைத்துவிட்டது. களைப்பு மட்டும் இன்னும் விட்டபாடில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறேன். நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் அவரைத்தான் நினைக்கிறேன். அன்று அவரும் திருப்பிக் கத்தியிருந்தால், நான் ரோஷத்தில் ஊசி போடாமலே வீட்டுக்குப் போயிருப்பேன், இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.