பாட்டுக்குள் புகுந்த என் டிக்டிக்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருடங்கள் முன்பு, அம்பத்தூரில் நடந்தது இது. அப்போது அங்கே தொழிற்பேட்டையும் இல்லை, மின்சார ரயிலும் இல்லை. ரயிலடியை விட்டு இறங்கினால் வயல்தான். நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை, அதனால் கேட்பாரும் இல்லை. சர்க்காரிடம் முறையாக லைசென்ஸ் வாங்கி, வாடகை வீட்டிலேயே ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டர் கட்டி வைத்திருந்தேன். பேச்செல்லாம் அதில் போகாது. தந்தி ஆபீஸில் சாவியைத் தட்டுவார்களே, அதே தட்டல்தான். கம்பி இல்லாமல் ஆகாயத்தில் போகும், அவ்வளவுதான்.

ஏரியல் கம்பியின் ஒரு முனை என் வீட்டுக் கூரையில். மறுமுனை பக்கத்து நிலத்துக்காரரின் பனைமரத்தில். அவர் பெரிய மனசு பண்ணி அனுமதித்திருந்தார். நானும் அவரை அண்ணே, அண்ணே என்று சுற்றி வந்தவன்தான். ஒருநாள் சாயங்காலம் அவரே என் வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

“வாத்தியாரே, எங்க ஊட்டுல பாட்டு கேக்க முடியல. டிக்கு டிக்குன்னு ஒரே ரோதனையா கீது. கிணத்தாண்ட வழுக்கி உழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சி படுத்துனு கீறா எங்க ஊட்டுக்காரி. அவளுக்குன்னு வாங்கின ரேடியோ பொட்டி அது. இந்த வாரம் பாப்பேன். நிக்கலன்னா கம்பிய அறுத்துட்டு, கலெக்டர் ஆபீசுல மனு குடுத்துடுவேன்.”

அனுமதித்த அலைவரிசையைத் தாண்டி வேறெங்கும் சத்தம் சிந்தக் கூடாது என்பதுதான் லைசென்ஸின் முதல் நிபந்தனை. ஒரு வயலுக்கு விட்ட தண்ணீர் மடை உடைந்து அடுத்த வயலில் பாய்வது மாதிரிதான் இதுவும். நிலம் நீச்சு உள்ளவர் மனு கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும். அப்படிப் போனது திரும்பி வராது.

ஆனால் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. கம்பிச்சுருள், கண்டென்சர், சின்ன டார்ச் பல்பு மூன்றையும் சேர்த்து ஒரு சோதனைக் கருவி செய்து வைத்திருந்தேன். டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் பிடித்துக் குமிழைத் திருகினால், எந்த அலைவரிசையில் சக்தி இருக்கிறதோ அங்கே பல்பு எரியும். அவரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். எரிய வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் பல்பு பளிச்சென்று எரிந்தது. மற்ற இடங்களில் எல்லாம் இருட்டு. “பாருங்கண்ணே, என் சிக்னல் சுத்தம். உங்க பெட்டியிலதான் ஏதோ கோளாறு” என்றேன்.

அவர் பல்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பல்பு எரியலன்னா எனக்கின்னா வாத்தியாரே? எங்க ஊட்டுல கேக்குதே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. பல்பு எரிய நல்ல சக்தி வேண்டும். ரேடியோப் பெட்டிக்கோ அதில் ஒரு துளி போதும். என்னுடைய பெட்டியில் கேட்டுப் பார்க்கலாமென்றால், டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்குக் காதே அடைத்துப்போகும். எது நிஜம், எது பொய் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தள்ளியிருக்கும் இன்னொரு பெட்டி வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என்மேல் மனு கொடுக்கப்போகிறவர் வீட்டில்.

வெட்கத்தை விட்டு மறுநாள் போய்க் கேட்டேன். “அண்ணே, நான் தட்டறேன். உங்க பெட்டியில கேக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. நிக்கற வரைக்கும் நான் விடமாட்டேன்.” அவர் யோசித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின், அதாவது அண்ணியின் குரல் வந்தது. “இன்னா யோசனை? நான்தான் சும்மா படுத்துனு கீறேனே. நான் கேட்டுச் சொல்றேன்.”

அந்தச் சனிக்கிழமை பொழுது சாயுமுன் ஆரம்பித்தோம். அண்ணி கட்டிலில் பெட்டியோடு. அண்ணன் வேலியோரம் தோள்துண்டோடு. நான் ஜன்னலோரம் சாவியோடு. சத்தம் கேட்டால் துண்டைத் தூக்குவார், நின்றால் இறக்குவார். சக்தியைக் குறைத்தேன், துண்டு மேலேயே இருந்தது. ஏரியல் இணைப்பை மாற்றினேன், அப்போதும் இறங்கவில்லை. கை வலித்ததோ என்னவோ, துண்டை வேலியில் நீட்டிக்கொண்டிருந்த பனைமட்டையில் மாட்டிவிட்டு அவர் பீடி பற்றவைத்தார். எனக்கு அழுகை வராத குறை.

கடைசியில் சாவிக்கே வந்தேன். அழுத்தும்போது மின்சாரம் தடாலென்று பாய்வதுதான் வினையோ என்று பட்டது. மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி சாவியோடு ஒரு கம்பிச்சுருளையும் கண்டென்சரையும் கோத்துத் தட்டினேன். அண்ணன் உள்ளே காது கொடுத்துவிட்டு வந்து கத்தினார். “முன்ன கல்லு உழுற மாதிரி இருந்துச்சாம். இப்ப பல்லி சொல்ற மாதிரி கீதாம்.”

எனக்கு ஒரே குஷி. இன்னொரு கண்டென்சரைச் சேர்த்தேன். மறுபடி தட்டினேன். அவர் மட்டையிலிருந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

காபி சாப்பிடக் கூப்பிட்டார்கள், போனேன். பெட்டியில் சுத்தமாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி தலையணையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துவிட்டு, கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் காட்டினார். “தினம் இதேதானே தம்பி தட்டுவே? இப்படித்தானே ஆரம்பிக்கும்?”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. தாளம் ஒரு இம்மி பிசகவில்லை. உலகத்தில் எந்த மூலையில் யார் கேட்டாலும் பதில் சொல்லுங்கள் என்று நாங்கள் அனுப்பும் பொது அழைப்பு அது. அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். “யாராச்சும் பதில் சொன்னாங்களா?” என்று கேட்டார். இதுவரைக்கும் ஒருவரும் இல்லை என்றேன்.

“நான் தினம் கேட்டுகினுதான் இருந்தேன் தம்பி. வலி தாங்காத நாள்ல, பக்கத்துல ஒருத்தன் முழிச்சினு கீறான்னு நெனைச்சுப்பேன். பதில் சொல்லத்தான் வழி தெரியல” என்றார். காபியைக் குடித்தேன்.

கம்பி பனைமரத்திலேயே இருந்தது, மனுவும் போகவில்லை. அதற்குப் பிறகு சிலோனிலிருந்தும் பர்மாவிலிருந்தும் எனக்குப் பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். மழைக்காலம் முடிவதற்குள் அவர் கோலூன்றி வேலி வரைக்கும் நடந்துவந்து, “இன்னிக்கு எந்த ஊரு?” என்று கேட்கத் தொடங்கியிருந்தார். கடல் தாண்டி யாருக்காவது கேட்காதா என்று ஏங்கிய எனக்கு முதல் பதில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதனால்தான் இத்தனை வயதிலும் எந்தக் காரியத்தில் இறங்கினாலும், அது பக்கத்து வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று முதலில் போய் விசாரித்துவிட்டு வருகிறேன்.