கருப்பையா மகன் கருப்பையா

வெளிநாட்டில் இருக்கிறவருக்கு உள்ளூரில் வீட்டு லோன் வாங்கிக் கொடுக்கிறது, மாப்பிள்ளை வராமலே கல்யாணத்தை நடத்தி வைக்கிற வேலை. மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று பேங்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் போட்டோவைக் காட்டிச் சமாளித்துக்கொண்டே இருப்பேன். பழங்காநத்தத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் ஆபீஸ். ஒரு மேஜை, ஒரு ஜெராக்ஸ் மிஷின், அப்புறம் என் வாய், இவ்வளவுதான் முதலீடு. பேங்க் கவுன்டரில் "இன்னும் ஒரு பேப்பர் குறையுதே" என்று சொல்லக் கேட்டு வெறுங்கையோடு படியிறங்கியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கடன் வாங்காத குற்றம்

முத்துப்பாண்டிக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிப் பக்கம். பன்னிரண்டு வருஷமாக ஷார்ஜாவில் வெல்டர். லீவில் வந்த இடத்தில் வண்டியூரில் ஒரு சின்ன வீடு பிடித்துப்போய், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அட்வான்ஸாகக் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரயம் முடிப்பதாக அக்ரிமென்டும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் வந்தார். தேதி தப்பினால் அட்வான்ஸும் போச்சு, வீடும் போச்சு. இந்த மாதிரி ஆட்கள் எப்போதும் தாலி கட்டின பிறகுதான் ஜாதகம் பார்க்க வருவார்கள்.

அவருடைய கிரெடிட் ஸ்கோரைப் பார்த்தேன். மைனஸ் ஒன்று. அதாவது, இந்த மனுஷர் இந்த நாட்டில் ஒரு லோன் வாங்கினதில்லை, ஒரு கார்டு தேய்த்ததில்லை, அதனால் இவர் யோக்கியரா இல்லையா என்று சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. பெரிய கம்பெனியில் கோட்டு சூட்டு போட்ட ஆளாக இருந்தால் வாசல்வரை வந்து கூட்டிப்போவார்கள். வெல்டர் என்றதும் ஐந்து பேங்க் உதட்டைப் பிதுக்கியது. ஆறாவது பேங்க் மட்டும் "பாக்கலாம்" என்றது. இதையெல்லாம் முத்துப்பாண்டியிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "வட்டிக்காரன் வாசல்ல எங்கப்பா நின்னதப் பாத்துட்டுத்தான்க்கா நான் யாருகிட்டயும் கை நீட்டல. அதுவா தப்பாப் போச்சு?"

நான் வாங்கிக் கட்டிக்கொண்டது

அவர் லீவு முடிந்து போய்விட்டார். அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட பவர் பத்திரம் வாங்கிக்கொண்டு அலைந்தது அவர் மனைவி செல்வி. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று ஒருநாள் செல்வி வந்து நின்றது. எனக்கு வாய் சும்மா இருக்காதே. "இதுக்கா இம்புட்டு அவசரம்? இன்னொரு வாடகை வீட்டப் பாத்துட்டு, பெறவு நிதானமா வாங்கலாம்ல?" என்றேன்.

செல்வி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை என்ன சொல்லப்போகிறது என்பது அது வாயைத் திறக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வாடகைக்கு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிற வீட்டுக்காரர்களில் என் சொந்த பந்தமும் உண்டு. செல்வி சாதாரணமாகத்தான் சொன்னது: "வாடகைக்கு வீடு கேட்டா நீங்க எந்த ஆளுகன்னு கேக்காகக்கா. பேங்க்ல மட்டுந்தான் எம்புட்டு சம்பளம்னு கேட்டாக."

போனில் அகப்பட்ட ஆள்

அந்த ஆறாவது பேங்க் ஆபீசர் சின்ன வயசு, நல்ல பையன். ஒருநாள் ஷார்ஜா கம்பெனிக்குப் போன் போட்டு, முத்துப்பாண்டி அங்கே வேலை பார்க்கிறாரா என்று விசாரித்திருக்கிறார். அப்படி யாருமே இல்லை, கருப்பையா என்று ஒரு வெல்டர்தான் இருக்கிறார் என்றிருக்கிறார்கள்.

உங்களுக்கும் எனக்கும் அப்பா பேர் என்பது ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது; நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பேரை முழுசாகப் போட்டுத் தொலைக்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் அதையே ஆளின் பேராக எடுத்துக்கொண்டு, சம்பளச் சீட்டிலும் 'கருப்பையா எம்' என்று அடித்துவிட்டார்கள். அந்தச் சீட்டைப் பத்துத் தடவை ஜெராக்ஸ் எடுத்தவள் நான். ஒரு தடவைகூட உறைக்கவில்லை. போதாக்குறைக்கு, விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் கருப்பையா என்று எழுதி, பக்கத்தில் 'காலமானவர்' என்று குறித்ததும் இந்தக் கைதான். ஆபீசர் இரண்டு பேப்பரையும் அருகருகே வைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க மேடம். செத்தவர் வாங்குற சம்பளத்துக்கு நாங்க எப்படி லோன் குடுக்கிறது?"

மிஸ்டர்

முத்துப்பாண்டியும் கருப்பையாவும் ஒரே ஆள்தான் என்று கம்பெனி ஒரு லெட்டர் தரவேண்டும். கிரயத் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. கம்பெனி ஆபீஸிலோ, "எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லையே, நீ கருப்பையாதானே" என்று திருப்பி அனுப்பினார்கள். சம்பளமில்லாத லீவு போட்டு மூன்று தடவை போய் நின்றார் மனுஷர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே.

மூன்றாவது தடவை அவர் போன் பண்ணினபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "பன்னெண்டு வருசமா பேரை மாத்திக் கூப்புடுறானுக, வாயத் தொறந்து திருத்தச் சொல்லக் கூடாதா? பிள்ளை குட்டியோட செல்வி எங்க போயி நிக்கும்?" என்று கத்திவிட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "சம்பளச் சீட்டுல மிஸ்டர் கருப்பையான்னு போட்டிருந்துச்சுக்கா. எங்கப்பாவ ஊர்ல சின்னப் பயலுக கூட டேய்னுதான் கூப்பிடுவாக. அதான் திருத்தச் சொல்லல."

அன்றைக்கு மத்தியானமே லெட்டரில் என்ன எழுதவேண்டும் என்று நானே வரி வரியாக அடித்து அனுப்பினேன். நாலாவது தடவை அவருடைய சூப்பர்வைசர் கூடப் போய் நின்று முத்திரையோடு வாங்கிக் கொடுத்தார். லெட்டரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு முத்துப்பாண்டி சொன்னார்: "இப்ப நானும் அப்பாவும் ஒரே ஆளுன்னு சீல் வச்சுக் குடுத்துட்டானுகக்கா."

முதல் வரி

தேதிக்கு நாலு நாள் முன்னால் லோன் பாஸானது. ஆனால் சம்பளச் சீட்டில் இருக்கிற பேரும் பத்திரத்தில் வரவேண்டும் என்று பேங்க் கண்டிஷன் போட்டுவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்: "கருப்பையா மகன் கருப்பையா என்கிற முத்துப்பாண்டி." வாசித்துவிட்டு, அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேரா என்று சிரித்தார்.

பின்னால் வீட்டை விற்கப் போனால் இந்த 'என்கிற' சிக்கலாகும் என்று எனக்குக் கவலை. முத்துப்பாண்டியைப் போனில் பிடித்தேன். செல்வி ஸ்பீக்கரில் போட்டது. பேங்கில் சண்டை போட்டாவது அந்தப் பேரை எடுக்கச் சொல்கிறேன் என்றேன். அவர் சொன்னதைக் கேட்டதும் பத்திரம் எழுதுகிறவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்: "எடுக்க வேணாம்க்கா. எங்கப்பா ஆயுசு பூரா அடுத்தவுக வயல்லயே கெடந்தாரு. வீட்டுக்காரரா அவரு முன்னாடி இருக்கட்டும், நான் பின்னாடி நின்னுக்கிறேன்."

உயிரோடு இருக்கிறவருக்கு லோன் வாங்கிக் கொடுப்பதே பெரும்பாடாக இருக்கிற இந்தத் தொழிலில், செத்துப்போன மனுஷருக்கு வண்டியூரில் வீடு வாங்கிக் கொடுத்தவள் நான் ஒருத்திதான்.