பெரிய கிராணியின் பெயரில் வந்தவன்

காலையில் ஆபீசைத் திறந்ததும் கிராணி (குமாஸ்தா) வள்ளிநாயகியின் முதல் வேலை, அச்சுப்பொறி தள்ளியிருக்கும் தாளின் இரு ஓரத்துத் துளைப்பட்டைகளைக் கிழித்துவிட்டு அதைப் படிப்பது. லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. ஆபீசில் மூன்று கணினிகள் டெலிபோன் கம்பி வழியே சிரம்பான் தலைமை ஆபீசோடு இணைந்திருந்தன. மூலையில் இருந்த நான்காவது, யார் உள்ளே வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று கம்பியில் போவதையெல்லாம் கேட்டுக் குறித்து, அந்தத் தாளில் அச்சடித்துவைக்கும். யாரையும் தடுக்காது.

"திருடன் வந்தா இது சத்தம் போடாது. நீங்கதான் படிச்சுப் பாத்துச் சொல்லணும்" என்றார், 1997இல் அதைப் பொருத்திய எஞ்சினியர். கணினிக்குள் நுழையப் பதிந்திருக்கும் பெயர்களில், இப்போது வேலையில் இல்லாதவர்களுடையதை அழித்துவிடவும் சொன்னார்.

அவள் ஒரு பெயரைத் தவிர எல்லாவற்றையும் அழித்தாள். ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி அமிர்தலிங்கம் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் நாற்காலியில்கூட யாரும் உட்காராத ஆபீஸ். கருமாதி முடியட்டும் என்று விட்டாள். முடிந்த பிறகும் விட்டுவிட்டாள்.

மறுவருஷம் ஒரு நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில் அமிர்தலிங்கம் உள்ளே வந்ததாகத் தாளில் இருந்தது.

"செத்தும் லீவு எடுக்கல லா, பெரிய கிராணி!" என்றான் சின்னக் கிராணி முருகையா. "ஓவர்டைம் போட்டுக் குடுங்கக்கா."

அவளும் சிரித்தாள். சிரம்பானில் யாரோ அந்தப் பெயரில் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். ஒன்பது நாளும் அந்தப் பெயர் வந்தது; படித்தாள், ஓரம் கிழித்தாள், கோப்பில் வைத்தாள். பத்தாம் நாள் சர்வீஸ் பட்டியலைத் திறந்தபோது, அறுபத்திரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்த தேதிகளைக் காணோம். தினமும் சாயங்காலம் எடுக்கும் நகலை ஒரே டிஸ்கெட்டில்தான், முந்தைய நாளுடையதை அழித்து எடுப்பாள். அதிலும் வெற்றிடம். பழைய பதிவேடுகளைக் கரையான் அரித்ததால் அவளேதான் எரித்திருந்தாள்.

தோட்டம் விற்பனைக்குப் போகிறது. இருபது வருஷ சர்வீஸ் இருந்தால்தான் தொழிலாளிக்கு வீடு கிடைக்கும். அறுபத்திரண்டு பேரும் பழைய காண்ட்ராக்ட் ஆட்கள். அந்தப் பட்டியலை விட்டால் வேறு அத்தாட்சி கிடையாது.

மானேஜர் விசுவநாதன் தாள்களைப் புரட்டினார். "எல்லாம் இதுல இருக்கு. ஒம்பது நாளா பாத்துக்கிட்டா இருந்தே?"

"ஆமா சார்."

"ஆளு யாருன்னு இருக்கா?"

"பெரிய கிராணி பேரு மட்டும்தான் சார் இருக்கு."

"அப்ப இத வச்சு என்ன பண்றது? தேதி இல்லாத பேர எடுத்துட்டு வீட்டு லிஸ்ட அனுப்பு."

அறுபத்திரண்டு பேரில் ஒருவரான, தோட்டத்தில் மருந்தடிக்கும் வீரமுத்து மறுநாள் மத்தியானம் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மேசையருகே நின்றார்.

"கிராணிம்மா, வீட்டு லிஸ்டுல நம்ம பேரு இருக்குல்ல? அறுபத்தெட்டுல சேந்தேன். பெரிய கிராணிதான் எழுதுனாரு."

அவளுக்கும் தெரியும். அவள் தெரிந்து வைத்திருப்பது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

"இல்ல, ஆளுங்க என்னென்னமோ பேசுறாங்க" என்றார். "நீங்க சொன்னா நம்புவேன். இருக்கா, இல்லியா?"

வள்ளிநாயகி அன்றைய தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். பட்டை பாதியில் அறுந்தது; மறு முனையிலிருந்து கிழிக்கத் தொடங்கினாள்.

வீரமுத்து அதைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.