முகம் சிவந்தவர்கள்

என் கூடப்பிறந்த மூத்தவளை, என் ராத்தாவை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அந்த வார்த்தை என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று நினைத்துவிடாதீர்கள்... வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

நீங்கள் என்னைத் தூற்றலாம். ஆனால் அவள் எனக்குச் செய்ததையும் கேட்டுவிட்டுத் தூற்றுங்கள்.

சண்டைக் காலத்தில் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது நான் சிறுமி. புத்தளத்தில் கிடுகு வேய்ந்த அகதிக் கொட்டிலில் இருந்த காலத்திலேயே வாப்பா மௌத்தானார். வயிற்றுப் புண்ணும் கல்லடைப்புமாகப் பல வருடம் கிடந்து உம்மாவும் போய்ச் சேர்ந்தார். அதற்குள் ராத்தாவுக்குக் கற்பிட்டியில் கலியாணமாகியிருந்தது. மச்சானுக்குக் கருவாட்டு வியாபாரம். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன்.

சண்டை ஓய்ந்து, ஊருக்குத் திரும்புவதா இங்கேயே இருப்பதா என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் என் முகம் சிவக்கத் தொடங்கியது. உறைப்பாகச் சோறு தின்றாலும் சூடாகத் தேத்தண்ணீர் குடித்தாலும் கழுத்திலிருந்து கிளம்பி நெற்றிவரை ஏறும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். வயிறும் அடிக்கடி போகும். குமர்ப்பிள்ளை, அதை யாரிடம் போய்ச் சொல்வது? மச்சான் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவார். நான் சிவப்பதும் அதே நேரம். ராத்தா இரண்டையும் முடிச்சுப் போட்டாள்.

அவள் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அடித்துக்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு கலியாண வீட்டில் வைத்துக் கேட்டாள்! ஆறு பெண்கள் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. இறைச்சிக் கறி கொடுக்க மச்சான் வாசல்வரை வந்தார். எனக்கு முகம் சிவந்தது.

"ஆரப் பாத்துடி முகம் செவக்குது?" என்றாள் ராத்தா. "எழும்பு. என்ட புருஷனப் பாத்துச் செவக்கிற மூஞ்சியோட ஒரு சஹன்ல நான் தின்ன மாட்டன்."

கையில் ஒட்டிய சோற்றோடு எழும்பினேன். உங்களை யாராவது அப்படி எழுப்பியிருக்கிறார்களா?

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? எனக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதோடு நின்றார்கள். பிறகு எவரும் வரவில்லை. கற்பிட்டிக் கோட்டைப் பக்கம் ஓர் அறை எடுத்துத் தனியே தைத்துப் பிழைத்தேன். அந்த மனிதரை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. வல்லாஹி, பார்த்ததே இல்லை!

உடம்பு பாதியாய் உருகிய பிறகுதான் கொழும்பில் கண்டுபிடித்தார்கள். புற்றுநோய். அதிலும் மிக அரிதான வகையாம். குடலில் இருந்துகொண்டு இரத்தத்தில் எதையோ கலக்கிறது, முகம் சிவப்பது அதனால்தான் என்றார் டொக்டர்.

"வேற ஒண்டாலயும் இல்லயா, டொக்டர்?"

"வேற எதால?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நான் விம்மி விம்மி அழுதேன். நோய் வருத்தத்துக்கு அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். எனக்கோ... நான் சுத்தமானவள் என்று ஒருவர் வாயால் கேட்டுவிட்டேன் என்ற அழுகை அது!

உம்மாவின் வயிற்றுப் புண்ணையும் கல்லடைப்பையும் சொன்னபோது அவர் முகம் மாறியது. "சில குடும்பங்கள்ல இது ரத்தத்தோட வரும். கூடப்பிறந்தவங்க இருந்தா கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்க. நேரத்தோட கண்டா வெட்டி எடுத்துச் சுகப்படுத்தலாம்," என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாதம் ஒருமுறை ஊசி. ஊசிக்குக் காத்து உட்கார்ந்திருக்கும் வாங்கில்தான் என்னைப் போன்றவர்களைக் கண்டேன். சிலாபத்திலிருந்து ஒரு சிங்கள டீச்சர் வருவார். உடப்பிலிருந்து ஓர் அண்ணன் வருவார். தீமிதிக்கு விரதம் பிடித்திருந்தவரை, முகத்தைப் பார்த்துவிட்டுக் குடித்திருக்கிறான் என்று விலக்கிவிட்டார்களாம். அவர் அதைச் சொல்ல, நான் சஹனைச் சொன்னேன். அண்ணன் அதை டீச்சருக்குச் சிங்களத்தில் சொன்னார். டீச்சர் தன் கதையைச் சொன்னார். மூவரும் வயிறு நோகச் சிரித்தோம். என்னை நம்பிய முதல் மனிதர்கள் அவர்கள். ஃபோனில் ஒரு குழு தொடங்கி 'தக்காளி' என்று பெயரும் வைத்துக்கொண்டோம். புதிதாக யாராவது வந்தால் நாங்கள்தான் தள்ளி இடம் கொடுப்போம், பயத்தைப் போக்குவோம்.

ஒருநாள் அண்ணன் கேட்டார். "தங்கச்சி, உங்கட கூடப்பிறந்தவங்களக் காட்டிட்டீங்களா? என்ட தம்பிக்குப் பாத்து ஒண்டுமில்ல எண்டுட்டாங்க. இப்பதான் நிம்மதி."

"எனக்குக் கூடப்பிறந்தவங்க இல்ல."

எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய்! ஏன் சொல்ல வேண்டும்? என் வாழ்க்கையைச் சந்திக்கு இழுத்தவளுக்கு நான் ஏன் உயிர்ப்பிச்சை போட வேண்டும்? அவளுக்கு வராமலும் இருக்கலாம். வந்தால்... வரட்டும். இதுதான் என் மனசு. இதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

வந்தது.

மச்சான் குடும்பத்துக் கலியாணம் ஒன்றில், ஒப்புக்கு அழைத்த என்னை யாரோ ராத்தாவின் சஹனிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். மெலிந்து போயிருந்தாள். இரண்டு கவளம் தின்றிருப்பாள்... கழுத்திலிருந்து கிளம்பியது. கன்னம், காது, நெற்றி. எனக்குத் தெரியாத சிவப்பா அது? பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல இருந்தது எனக்கு!

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஆரப் பாத்து ராத்தா முகம் செவக்குது?"

பெண்கள் வாயை மூடிக்கொண்டு கொடுப்புக்குள் சிரித்தார்கள். ராத்தா கையிலிருந்த சோற்றைத் திரும்பச் சஹனில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். நான் மட்டும் வயிறாரத் தின்றேன். அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் வாயே திறக்கவில்லை.

அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோனபோது ஈரல் முழுக்கப் பரவியிருந்தது. அவள் என் கூடப்பிறந்தவள் என்று அறிந்து, ஊசிக்குப் போயிருந்த என்னையும் டொக்டர் உள்ளே கூப்பிட்டார்.

"தங்கச்சியிட்ட அப்பவே சொன்னனே, கூடப்பிறந்தவங்களக் கூட்டி வரச் சொல்லி," என்றார் ராத்தாவிடம். "அவ உங்களுக்குச் சொல்லல்லையா?"

ராத்தா திரும்பி என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது அவளுக்கு. நான் தயாராகவே இருந்தேன். கத்தட்டும், ஏசட்டும், அத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை அவள் முகத்தில் கொட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சொன்னவ, டொக்டர்," என்றாள். "நான்தான் வரல்ல."

வெளியே வந்தோம். உடப்பு அண்ணன் தள்ளி இடம் விட்டு, "இவ ஆரு, தங்கச்சி?" என்றார். "என்ட ராத்தா," என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ராத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"ஒருக்கா உன்ட பேரக் கெடுத்தன். ரெண்டாந்தரமும் கெடுக்க ஏலா."

அந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்! ஊரறியச் சொல்ல வேண்டும், என் காலடியில் விழுந்து சொல்ல வேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். சொன்னாள்தான்... அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லாமல் போன பிறகு சொன்னாள். அவள் ஏசியிருந்தால் சரிக்குச் சரி என்று ஆறியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாளே என்று அப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்போதும் வருகிறது. நான் எப்படிப்பட்டவள் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஊசிக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். போனமுறை பாலாவியில் பஸ் நின்றபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள். "நேரத்தோட வந்திருந்தா எனக்குச் சுகமாயிருக்குமா, புள்ள?"

டொக்டர் அன்று சொன்னது ஓர் எழுத்துப் பிசகாமல் எனக்கு ஞாபகமிருந்தது.

"தெரியா, ராத்தா," என்றேன்.