ஞாயிற்றுக்கிழமையின் கருதுகோள்

மனைவியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிவதற்குள், வெள்ளவத்தையிலுள்ள எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்தவர்கள் அவளது மரணத்துக்கு ஒரு டசின் காரணங்களை விட்டுச் சென்றிருந்தார்கள். பிஸ்கட் பெட்டிகளையும் விட்டுச் சென்றார்கள். அவற்றையாவது பிறருக்குக் கொடுத்துவிட முடிந்தது.

மேல்மாடியில் வசிக்கும் ஆஸ்பத்திரித் தாதி, நடுவயதில் பட்டப்படிப்பைத் தொடங்கியவர், தமது ஆய்வு முன்மொழிவுக்கு யாரோ செய்த தமிழாக்கத்தைத் திருத்தித் தரக் கேட்டு வந்தார். நான் ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளன். ஆய்வு முறையியல் அறியேன். எனவே அவரே விளக்கினார். ஒரு காரணமும் ஒரு விளைவும் என்றால் எளிய கருதுகோள். பல சேர்ந்தால் சிக்கலானது. விளைவு கூடுமா குறையுமா என்றும் சொன்னால் திசைசார்ந்தது. தொடர்பு உண்டு என்பதோடு நின்றால் திசையற்றது. தொடர்பே இல்லை என்பது சூனியக் கருதுகோள்.

இவற்றுட் பெரும்பாலானவற்றை என் வரவேற்பறையில் ஏற்கெனவே சந்தித்திருந்தேன். தெஹிவளை மைத்துனருடையது எளியது: "பிரைவேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா அக்கா இருந்திருப்பா, அத்தான்." அவர் மனைவியினுடையது சிக்கலானது; உப்பு, பழுதான லிஃப்ட், சனி மாற்றம் மூன்றும் அதில் அடங்கின. என் பழைய சக ஊழியர் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் கூறி, தேநீர் அருந்தி, திசை காட்டாமல் புறப்பட்டார். ஆய்வு செய்வோர் பெறவேண்டிய ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இவர்களில் எவருக்கும் தேவைப்படவில்லை.

சூனியக் கருதுகோளை மட்டும் ஒருவரும் கொண்டுவரவில்லை. அது என்னிடம் இருந்தது. அவள் இறந்த ஞாயிறு பின்னேரம் நெஞ்சு இறுகுவதாக மனைவி சொன்னாள். மேல்மாடித் தாதியைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டாள். அவருக்கு வாய்க்கும் ஒரே விடுமுறை நாள், உறங்கட்டும் என்றேன். மரியாதை கருதி இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம்.

திருத்தம் முடிந்ததும், ஓர் உதாரணத்துக்காக என்று தாதியிடம் கேட்டேன்: இரண்டு மணித்தியாலத் தாமதத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என ஒருவர் எழுதினால், அது நிரூபணமாகிவிட்டதாக எப்போது சொல்லலாம்?

"ஒருநாளும் ஏலாது, சேர். நிராகரிக்க ஆதாரம் போதாது எண்டுதான் எழுதலாம்." பிறகு கேட்டார்: "எத்தினை பேரை வைச்சுச் செய்த ஆய்வு?"

"ஒராள்."

அவர் பேனையை மூடினார். "அண்டைக்கு நான் வீட்டிலதான் நிண்டனான், சேர்," என்றார்.

தெரியும் என்றேன்.

அவரது முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில், சூனியக் கருதுகோள் 'நிரூபணமானதாகக் கொள்ளப்படும்' என்றொரு வரி இருந்தது. நல்ல வாக்கியம் என்று அதைத் தொடாமல் விட்டிருந்தேன். பிரதியைத் திரும்ப வாங்கி, அதை வெட்டினேன்.