சிறகில் 'ட' எழுதிய பூச்சி

இன்று காலை குளியலறைச் சுவரில் ஓர் அந்துப்பூச்சி ஒட்டியிருந்தது. துடைப்பத்தை எடுத்தவள், அதைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சிறகைப் பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் தேடும் பூச்சி அதுவல்ல.

நான் தேடுவதைப் பார்த்தது தூத்துக்குடியில், ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில். காய்ந்த நிலாவாரை இலைக்கு ஒரு வாசனை உண்டு, வைக்கோலும் கஷாயமும் கலந்தாற்போல. இப்போதும் நாட்டுமருந்துக் கடையைத் தாண்டினால் எங்கள் கம்பெனிக் கிட்டங்கிக்குள், அந்தச் சரக்குக் கிடங்குக்குள், போய்விடுவேன். அங்கே கப்பலேறக் காத்திருந்த இலை மூடைகளின் மேல் ஏழெட்டுப் பூச்சிகளைக் கண்ட ஏற்றுமதிச் சோதனை அதிகாரி, சரக்கில் பூச்சி விழுந்துவிட்டது என்று நிறுத்திவைத்தார். கிட்டங்கியைப் பார்த்துக்கொண்ட மரியான் அண்ணாச்சிக்கு வேலை போகும் என்றார் மேனேஜர்.

"நித்தம் பெருக்குதேன் தாயி. இது எங்கன இருந்து வந்துச்சோ!" என்றார் அண்ணாச்சி என்னிடம்.

என்னோடு வேலை பார்த்த பெர்பெத்து, மணப்பாட்டுக்காரி, ஒன்றைத் தீப்பெட்டிக்குள் பிடித்துப் போட்டு உற்றுப் பார்த்தாள். சாம்பல் சிறகு, குறுக்கே இரண்டு பழுப்புக் கோடு, ஓரத்தில் பேனாவால் எழுதியதுபோல ஒரு 'ட'.

"ஏளா, இது காஞ்ச இலையத் திங்கிற பூச்சி இல்ல. உடங்காட்டுல பாத்திருக்கேன். வா, காட்டுதேன்."

கிட்டங்கிக்குப் பின்னால் உப்பளம் வரைக்கும் அந்த உடங்காடு, முள் நிறைந்த உடைமரங்கள்தான். விடிந்ததும் போனோம். முதல் நாள் முள் மட்டும் கிடைத்தது. இரண்டாம் நாள் என் ஒரே நல்ல சேலை கிழிந்தது, திரும்பிவிடலாம் என்றேன். அவள் காது கேளாதவள்போல நடந்தாள். மூன்றாம் நாள் ஒரு மரப்பட்டையில் கைவைக்கப் போனேன். பட்டை பறந்தது! மரம் முழுக்க அவை. பச்சை இலைகளில் அவற்றின் புழுக்கள்.

கிளையோடு ஒடித்து அதிகாரியின் மேசையில் வைத்தோம். லென்ஸில் மாறி மாறிப் பார்த்தார். மூடைகளைப் பிரிக்கச் சொன்னார். ஒரு புழுகூட இல்லை.

"காட்டுல இருந்து வந்து உக்காந்திருக்கு. சரி, இதுக்குப் பேரு என்னம்மா?"

"தெரியாது சார். எங்க ஊருப் பூச்சி," என்றாள் பெர்பெத்து.

சரக்கு கப்பலேறியது. அண்ணாச்சி வேலையில் நீடித்தார். பெர்பெத்து சிறகை வரைந்து ஒரு பேராசிரியருக்கு அனுப்பினாள். அதிகம் அறியப்படாத இனம்போலத் தெரிகிறது, பூச்சியையே கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. போகலாம், போகலாம் என்றிருந்தோம். அதற்குள் எனக்குக் கல்யாணம், அவளுக்கு வெளியூர் வேலை.

இப்போது உடங்காடு இருந்த இடத்தில் கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கின்றன. தூத்துக்குடிக்குத் தெற்கே ஆத்தூர்ப் பக்கம் மிச்சமிருக்கும் உடைமரங்களை நானும், வேலை ஓய்ந்து ஊர் திரும்பிய அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம்; விடுவதாக இல்லை. இதுவரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஒரு மனிதரின் வேலையைக் காப்பாற்றித் தந்த பூச்சிக்கு, நாங்கள் ஒரு பெயர்கூட வாங்கித் தரவில்லை.