வரகு வெறி

அரிசியும் மாவும் யாழ்ப்பாணத்துக்கு வராமல் தடைப்பட்டிருந்த காலம். கொடிகாமம் சந்தையில் வாங்கி வந்த வரகில் மனைவி புட்டு அவித்தாள். நான் முதலில் சாப்பிட்டுவிட்டு வீதிக்கு இறங்கினேன். கை நடுங்கியது. தலை சுற்றியது. வேலியைப் பிடிக்கப்போய்க் காற்றைப் பிடித்தேன். பக்கத்து வளவுக்காரர் சிரித்தார்.

"என்ன மாஸ்டர், காலமையே வெறியே?"

எங்கள் ஊரில் வெறி என்றால் கள்ளு வெறிதான். கள்ளை நாவில் வைத்தறியாதவன் நான். ஆனாலும் மத்தியானத்துக்குள் அந்தச் சொல் ஊரெல்லாம் போய்விட்டது. மனைவி இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. புட்டில்தான் பிழை என்பதற்கு எனக்குச் சாட்சி இல்லை.

வாந்தியெடுத்துத் தெளிந்தபின் ஒரு பிடி வரகைத் தட்டில் பரப்பி எண்ணினேன். நூறு மணியில் பதினேழு கறுத்திருந்தன. தாவரவியல் படிப்பித்தவனுக்கு அது போதும். அறுவடைக்கு முன் கதிர் மழையில் நனைந்திருக்கிறது, பூஞ்சணம் பிடித்திருக்கிறது. பூஞ்சணம் மணிக்குள் அல்கலொயிட் நஞ்சை ஊறவிட்டிருக்கிறது. அவித்தாலும் அது போகாது.

எனக்கு வரகு விற்ற அதே சந்தை வியாபாரி எங்கள் கோயிலுக்கும் ஒரு மூட்டை கொடுத்திருந்தான். மடத்தில் இடம்பெயர்ந்து வந்திருந்த எண்பத்தாறு பேருக்கு மறுநாள் அதில்தான் கஞ்சி. அவர்களில் முப்பத்தொரு பேர் பிள்ளைகள். விடிந்ததும் போய்த் தர்மகர்த்தாவிடம் சொன்னேன்.

"நேற்று உங்களுக்கு ஏறினது வரகோ மாஸ்டர், பனையோ?"

அடுப்படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பூஞ்சணத்தை விளக்கத் தொடங்கினேன்.

"கொதிச்சால் எல்லாம் செத்துப் போகும். தள்ளி நில்லுங்கோ" என்றார் தர்மகர்த்தா.

தள்ளி நிற்கவில்லை. மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"எழும்புங்கோ மாஸ்டர்!"

"ஏலாது. நான் வெறிக்குட்டியெல்லோ? வெறிக்குட்டியைத் தூக்க நாலு பேர் வேணும், கூப்பிடுங்கோ."

"நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?"

"குடிகாரன் எண்டு கதைக்கட்டும். பிள்ளையள் விழுந்துபோச்சினம் எண்டு கதைக்கப்படாது."

ஒருவரும் என்னைத் தொடவில்லை. கஞ்சிக்கு அடுப்பில் ஏற்றியிருந்த கிடாரத்துத் தண்ணீர் கொதித்து வற்றத் தொடங்கியது. கடைசியில் தர்மகர்த்தா தன் தோட்டத்துக்கு ஆளனுப்பி மரவள்ளிக்கிழங்கு கிண்டுவித்தார். கிழங்கு அவிந்து எண்பத்தாறு பேரின் கைக்கும் போய்ச் சேரும்வரை நான் இறங்கவில்லை. எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். இருந்த இடத்திலேயே தின்றேன். பிறகு மூட்டையைக் கோயில் பின்வளவில் கிடங்கு வெட்டிக் கொட்டி மூடினேன்.

கோயில் மடத்தில் குடித்துவிட்டுக் குழப்பம் செய்தவன் என்று ஊரில் சிலர் இன்றும் என்னைச் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. மறுக்கப் போவதுமில்லை.